எட்டுப் பொத்தான்களும் ஒரு கையும்

மங்கையற்கரசியின் இடது கை சண்டையில் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளும் முதலில் இதைத்தான் சொல்வாள். மட்டக்களப்பில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்திக்கு மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லையென்றால், பார்க்கிறவர்கள் தாங்களாகவே ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறார்கள். ஷெல் என்கிறார்கள், மிதிவெடி என்கிறார்கள், உடனே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அவளுக்கு அந்தத் தாழ்ந்த குரல் பிடிக்காது.

"மா அரைக்கிற மில்லில சுத்துற பட்டிக்குள்ள போன கை. விளையாட்டுக்குத் தொட்டுப் பாத்தன், இழுத்துட்டு" என்பாள், பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படியாக.

அது நடந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து நாவற்குடா வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரப் பெண்கள் பாயை விரித்து உட்கார்ந்து அழுதார்கள். ஒருத்தி ஓய்ந்தால் இன்னொருத்தி தொடங்கினாள். உள்ளே படுத்திருந்த மங்கை எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"ஆரு செத்த எண்டு இப்பிடி அழுறீங்க? நான் இஞ்சதான் இரிக்கன். அழுறதெண்டா றோட்டுக்குப் போய் அழுங்க."

தாய் சீதேவிப்பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அன்றைக்கு அழுகை நின்றது. தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வருடம் குவைத்தில் இருந்த மாமா லீவில் வந்தார். அவர் பெட்டியில் மங்கையின் தம்பி பிரதீஸுக்கு ஒரு டீவி கேம் இருந்தது. மங்கைக்கு ஒரு சுருக்குப் பை. டீவி கேமுக்குச் சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் உடம்பு, இரண்டு பக்கமும் இரண்டு கொன்ட்ரோலர், மேலே கசட் செருகுகிற வாய். பெட்டியில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் இருபது ஆட்டம்கூடத் தேறாது. அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. பிரதீஸுக்கு அதுவே சொர்க்கம்.

மங்கை சுருக்குப் பையை அலுமாரிக்குள் போட்டுவிட்டுத் தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தா, நானும் ஒருக்கா."

"உனக்கு எப்பிடி ஏலும்? இடக் கையாலதான் ஆளை நகத்தணும். நீ பாத்துக்கிட்டு இரு அக்கா, நான் உனக்கும் சேத்து விளையாடுறன்."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். மங்கை கொன்ட்ரோலரைப் பிடுங்கி அவன் தலையில் ஒன்று வைத்தாள். உனக்கும் சேர்த்து என்ற அந்தச் சொல்லை வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவளிடம் சொல்லப்போகிறார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அதை வெறுப்பதற்கு அந்த ஒரு தடவையே போதுமாக இருந்தது.

கொன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். சிலுவை மாதிரி இருந்த நகர்த்தும் பொத்தானில் வலது காலின் பெருவிரலை வைத்தாள். குனிந்து, வலது கையால் மற்ற இரண்டு பொத்தான்களையும் அழுத்தினாள். முதல் நாள் திரையில் இருந்த ஆள் குழிக்குள் விழுந்துகொண்டே இருந்தான். சீதேவிப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, பொம்பிளைப் பிள்ளை இப்படிக் காலைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மாதம் போனது. பிரதீஸ் அக்காவிடம் தோற்கத் தொடங்கினான். பிறகு தோற்பதே வழக்கமாயிற்று. அவனுடைய கூட்டாளிகளும் வந்து தோற்றார்கள். ஒருவன் "காலால விளையாடுற கணக்கில வராது" என்றான். "அப்ப நீயும் காலால விளையாடி வெண்டு காட்டு" என்றாள் மங்கை.

மாரிக்கு இடி விழுந்த ஒரு நாள் அந்த மெஷின் செத்துப்போனது. மங்கை குசினிக் கத்தியால் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தாள். பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பச்சைத் தகடு, அதன் நடுவில் தார் சொட்டியது மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. மூளை முழுவதும் அந்தப் பொட்டுக்குள்ளேயே இருந்தது. அதைப் பிரிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கைக்கு எட்டாமல் மூடி வைத்துச் செய்த ஒரு சாமான் மீது அவளுக்கு வந்த கோபம் நெடுநாள் தணியவில்லை. பிற்பாடு அவள் பழுது பார்க்கிற தொழிலுக்கு வந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

இடையில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரப்பர்க் கை ஒன்று கொடுத்தார்கள். வேர்க்கிறது என்று கழற்றி வைத்தாள். ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை நல்லவர்தான், கலியாணப் படத்திலாவது அந்தக் கையைப் போட்டுக்கொள்ளட்டும் என்று மட்டும் கேட்டு அனுப்பினார். "அப்ப அந்தக் கையையே கட்டச் சொல்லுங்க" என்று பதில் போனது. அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை; அவளும் எடுக்கவில்லை. வீட்டின் முன்னறையை றோட்டுப் பக்கம் திறந்து, ரிமோட், சார்ஜர், றைஸ் குக்கர், ஃபேன் என்று பழுது பார்க்கத் தொடங்கினாள். பற்றவைக்கும்போது ஈயக் கம்பியை உடுப்புக் கிளிப் பொருத்திய ஒரு கட்டையில் நிறுத்துவாள். தகட்டை இடது முழங்கையால் அமர்த்துவாள். சூட்டுக்கோல் வலது கையில். புதிதாக வருகிறவர்கள் முதலில் அவள் கையைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் சாமானைப் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை வரும்போது சாமானை மட்டும் பார்ப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஏறாவூரில் றவூப் என்பவரின் கடைக்கு ஒரு ஃபேன் மோட்டார் தேடிப் போனாள். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களைக் கொழும்பில் எடுத்து வந்து விற்கிறவர் அவர். சைக்கிள், தையல் மெஷின், சோறு காய்ச்சும் சட்டி எல்லாம் கூரை வரை குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குள் ஓரிடத்தில் சிவப்பும் வெள்ளையும் தெரிந்தன. மங்கை குனிந்து இழுத்தெடுத்தாள். மஞ்சள் பிடித்துப்போயிருந்தது. ஆனால் கையில் பாரமாக இருந்தது. மாமா கொண்டுவந்தது காற்று மாதிரி லேசாக இருந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது.

"நானா, இது எங்க இருந்து வந்த?"

"அது ஒரு பெட்டியோட வந்த சாமான் தங்கச்சி. உசிரில்ல. ஒருத்தர் கொண்டுபோய்ப் பிளக்கில குடுத்தாராம், பொகை வந்ததாம். திருப்பிக் கொண்டந்து போட்டுட்டாரு."

"பொகை வந்த மெஷினில இல்ல, அடப்டரில. ஜப்பான் கரன்ட் நூறு வோல்ட். நம்மட இருநூத்தி முப்பது. அதான் வெந்திரிக்கு."

"அப்ப மெஷின் நல்லமா?"

"தெரியா. திறந்து பாத்தாத்தான் தெரியும்."

"தெரியாம எடுத்துக்கிட்டுப் போகப்போறீங்களா?"

"ஓம். வீட்ட போய் நானே திறப்பன்."

அது 'ஃபமிலி கொம்பியூட்டர்' என்ற ஜப்பான் மெஷின். 1983இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மாமா கொண்டுவந்ததைப் போலக் கோடிக்கணக்கில் உலகமெங்கும் போன போலிகளுக்கெல்லாம் இதுதான் மூலம். அமெரிக்காவுக்குச் சில வருடம் கழித்து வேறு பெட்டியில், வேறு பெயரில் போனது. ஜப்பானில் 2003 வரையில் செய்துகொண்டிருந்தார்கள். முதலில் வந்த மெஷின்களில் பொத்தான்கள் சதுரமாக, ரப்பரில் இருந்தன. பிறகு வட்டமான பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். மங்கையிடம் வந்தது வட்டப் பொத்தான் வைத்தது. இரண்டு கொன்ட்ரோலர்களின் வயரும் உடம்புக்கு உள்ளேயே பொருத்தப்பட்டவை, வெளியிலிருந்து கழற்ற முடியாது. இரண்டாவது கொன்ட்ரோலரில் ஒரு சின்ன மைக் கூட உண்டு. அதில் ஊதினால், கத்தினால், சில ஆட்டங்கள் அதற்குப் பதில் சொல்லும்.

வீட்டில் திறந்து பார்த்தபோது மங்கை சிரித்தாளாம். இதைச் சொன்னவன் பிரதீஸ். உள்ளே கறுப்புப் பொட்டு இல்லை. நீளமான இரண்டு சில்லுகள் முன்னும் பின்னுமாகப் படுத்திருந்தன. ஒன்று கணக்குப் பார்ப்பது, சத்தமும் அதுவே. மற்றது படம் வரைவது. பக்கத்தில் தலா இரண்டு கிலோபைட் ஞாபகம் வைக்கிற இரண்டு சின்னச் சில்லுகள். இன்றைக்கு கைபேசியில் எடுக்கிற ஒரு படம் அதற்குள் அடங்காது. ஒரு படத்தின் மூலைகூட அடங்காது. ஆனால் சில்லுகளின் ஒவ்வொரு காலும் கண்ணுக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றையும் தொட முடிந்தது.

அடப்டர் இங்கத்தையது போதும், ஆனால் நேர், எதிர் இரண்டும் நம்முடைய வழமைக்கு மாறாக இருந்தன. முனையை வெட்டி மாற்றிக் கட்டினாள். படம் வருவதற்கு இன்னும் பாடுபட வேண்டியிருந்தது. ஜப்பான் அலைவரிசை நம் டீவியில் பிடிக்காது. ஆகவே படம் வரைகிற சில்லின் காலிலிருந்தே ஒரு வயரை இழுத்து, ஒரு டிரான்சிஸ்டர் போட்டு, டீவியின் மஞ்சள் துளைக்கு நேரே கொடுத்தாள். திரை நடுங்கிப் பிறகு நிமிர்ந்தது. பிரதீஸ் அதற்குள் இரண்டு பிள்ளைகளின் தகப்பனாகிவிட்டிருந்தான். வேலை முடிந்து வந்தவன் உடுப்பு மாற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.

கொன்ட்ரோலரைத் தரையில் வைத்துக் கால் விரலை நீட்டிய மங்கைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நாற்பது வயது உடம்பு பதின்மூன்று வயது உடம்பல்ல. அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

"நகத்துறத இடப் பக்கம் வைக்கணும் எண்டு முடிவெடுத்த ஆரு?"

"அது அப்பிடித்தானே அக்கா. எல்லாத்திலயும் அப்பிடித்தான்" என்றான் பிரதீஸ்.

"ஒருத்தர் ஒரு நாள் அப்பிடி வைச்சிரிக்காரு. மற்றாக்கள் பாத்து வைச்சிரிக்காங்க. அவ்வளவுதானே. நான் மாத்தி வைக்கிறன்."

கொன்ட்ரோலருக்குள் இருப்பது பெரிய வித்தை இல்லை. எட்டுப் பொத்தான்கள், ஒரு சில்லு. மெஷின் ஒரு தடவை 'இப்போது நில்லுங்கள்' என்கிற மாதிரி ஒரு துடிப்பு அனுப்பும். அந்தக் கணத்தில் எது அழுத்தியிருக்கிறது, எது அழுத்தவில்லை என்று சில்லு பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு மெஷின் ஒவ்வொன்றாகக் கேட்கும், சில்லு ஒற்றை வயரில் வரிசையாகப் பதில் சொல்லும். ஒரு நொடிக்குள் அறுபது தரம் இந்தக் கேள்வியும் பதிலும் நடக்கும். அழுத்தியது பெருவிரலா, கால் விரலா, முழங்கையா என்று அந்த வயரில் எதுவும் போவதில்லை. மெஷினின் முன்பக்கத்தில் வெளியிலிருந்து சாமான் பொருத்துவதற்கு ஒரு பதினைந்து ஊசிச் சொக்கெட்டும் இருந்தது. ஆகவே உடம்போடு ஒட்டிய கொன்ட்ரோலரை வெட்டவும் தேவையில்லை.

முதலில் காலிங் பெல் சுவிச்சில் ஒன்று செய்தாள். கடினமாக இருந்தது, அழுத்தி எடுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதை எறிந்துவிட்டு, பழுதான கொம்பியூட்டர் மவுஸ்களுக்குள் இருக்கும் சின்னச் சுவிச்சுகளைக் கழற்றினாள். மரக்கறி வெட்டுகிற பலகை ஒன்றை எடுத்து, நகர்த்துகிற நான்கையும் வலது கைக்கு வைத்தாள். அழுத்துகிற இரண்டையும் இடப் பக்கம் வைத்து, மேலே ரப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய இரண்டு துண்டை ஒட்டினாள். ஆட்டத்தைத் தொடங்கவும் தெரிவு செய்யவும் உள்ள மற்ற இரண்டையும் நடுவில் வைத்தாள். மணிக்கட்டின் முனை அந்த ரப்பரில் பட்டால் நோகாது. சில்லு கொழும்பிலிருந்து தபாலில் வந்தது. பலகையை மடியில் வைத்து விளையாடிய முதல் நாளிலேயே பிரதீஸ் தோற்றான்.

"பழைய குணம் திரும்பிட்டு" என்றாள் சீதேவிப்பிள்ளை, அடுப்படியிலிருந்து.

போட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவன் பஸ்லான். மட்டக்களப்பு நகரில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற கேம் கழகத்தின் செயலாளர் அவன். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த கிழமை, வாவிக்கரை மண்டபத்தில் பழைய மெஷின்களில் ஒரு போட்டி வைக்கப்போவதாகச் சொன்னான். அவர்களிடம் இதே சிவப்பு வெள்ளை மெஷின் ஒன்று பழுதாகக் கிடந்தது. மங்கையிடம் இன்னொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

"அக்கா, எங்கடயத் திருத்தித் தருவீங்களா? உங்கடயையும் ஒரு நாளைக்குத் தந்தா உதவியா இரிக்கும்."

"தாறன். போட்டிக்கு என்ட பேரையும் போடுங்க."

பஸ்லான் ஒரு கணம் அவள் கையைப் பார்த்தான். பார்த்ததற்காகக் கண்ணை விலக்கிக்கொண்டான். பிறகு, "சரிக்கா" என்றான்.

போட்டி நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்லடி என்று எல்லாப் பக்கமும் இருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். கட்டைகள் மேலிருந்து விழ விழ அடுக்கி, வரிசையை நிரப்பி அழிக்கிற ஆட்டம். ஒரே திரையில் இரண்டு கிணறு, ஆளுக்கொன்று. யாருடைய கிணறு முதலில் வாய் வரை நிரம்புகிறதோ அவர் தோற்றார். மூன்றில் இரண்டு வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார்.

மங்கை பலகையை எடுத்து வைத்ததும் பிரச்சினை தொடங்கியது. வீட்டில் மாற்றிச் செய்த கொன்ட்ரோலர் பாவிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தாலே தானாகத் தொடர்ந்து அடிக்கிற கள்ள வேலை அவற்றில் இருக்கும் என்பதற்காக வைத்த விதி. பஸ்லானுக்கு அந்த விதி மறந்துபோயிருந்தது. வேறு ஒரு போட்டியாளரின் தகப்பன் நினைவுபடுத்தினார்.

கழகத்தின் தலைவர் வினாயகமூர்த்தி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மண்டபத்தை இலவசமாக எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவர் மங்கையைத் தனியே ஒரு பக்கமாகக் கூப்பிட்டுப் போய் மெதுவாகப் பேசினார்.

"மகள், உங்கட முயற்சி பெரிய விசயம். விதியை மாத்தினா மற்றாக்கள் பிரச்சினை குடுப்பாங்க. ஒண்டு செய்வம். நீங்க காட்சி ஆட்டமா ஒண்டு ஆடிக் காட்டுங்க. புள்ளி இல்லாம. சனம் எழும்பி நிண்டு கை தட்டும்."

"காட்சிக்கு வைக்க நான் என்ன மிருகக்காட்சிச் சாலை மிருகமா?"

"நான் அப்பிடிச் சொல்ல இல்ல மகள்."

"ஓம், நீங்க நல்ல மனசாத்தான் சொல்றீங்க. அதான் எனக்குக் கோவம் இன்னும் கூடுது. நான் போட்டிக்கு வந்த. என்னைச் சேக்காட்டி, சேக்க ஏலா எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. காட்சி ஆட்டம் எண்டு மட்டும் சொல்லாதீங்க."

பிரதீஸ் ஓடி வந்தான். "அக்கா, அங்க ஓடுறது நம்மட மெஷின். கழட்டிக்கிட்டு வா. போட்டி எப்பிடி நடக்குது எண்டு பாப்பம்."

"அப்பிடிச் செஞ்சா வெண்டது மெஷின், நான் இல்ல" என்றாள் மங்கை. "மெஷின் இரிக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போய், முதல் ஆட்டத்துக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கச் சொல்லி யாரும் கிட்ட வரவில்லை. எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவன் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "கொடிய யுத்தத்தில் தன் கரத்தை இழந்தும் தளராத ஒரு சகோதரி..." என்று தொடங்கினான்.

"தம்பி, அது மில்லுப் பட்டி" என்றாள் மங்கை. மைக் இல்லாமலே பின் வரிசை வரை கேட்டது. "மா அரைக்கப் போன இடத்தில. யுத்தத்தை விடுங்க, அதுக்குப் போதுமான கணக்கு ஏற்கெனவே இரிக்கு."

சனம் சிரித்தது. சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டுச் சிலர் பிந்திச் சிரித்தார்கள்.

அப்போதுதான் றிஸான் எழுந்து வந்தான். காத்தான்குடிக்காரன், முந்திய வருடம் வென்றவன், இருபத்தைந்து வயதிருக்கும். நேரே மங்கையிடம் வந்து கையை நீட்டினான்.

"அக்கா, அத ஒருக்காத் தாங்க."

கொடுத்தாள். அவன் பலகையை மடியில் வைத்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தான். ரப்பர்த் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான்; கட்டை ஒரு தரம்தான் திரும்பியது, தொடர்ந்து சுற்றவில்லை. பிறகு இடது மணிக்கட்டால் அழுத்த முயன்றான். அவன் கிணறு ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிப்போனது.

"இதில கள்ளம் ஒண்டும் இல்ல சேர்" என்றான் வினாயகமூர்த்தியிடம். "எட்டுப் பொத்தான், எட்டும் எங்கடையில இரிக்கிற அதே பொத்தான். இதில விளையாடுற கஸ்டம். கஸ்டமான ஒண்டுக்கு எதுக்குத் தடை? இவவ வெளிய போட்டு நான் வெண்டா, அந்த வெற்றிய நான் ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

பஸ்லான் பலகையின் பின்பக்கத்தைத் திறந்து வயர்களைப் பார்த்தான். எட்டும் சில்லுக்குப் போயின, சில்லிலிருந்து ஒன்று வெளியே வந்தது. வேறு எதுவும் இல்லை. கேள்வி எழுப்பிய தகப்பனையும் கூப்பிட்டுக் காட்டினான். அவரும் பார்த்துவிட்டு, "கள்ளம் இல்லாட்டிச் சரி" என்று போய் உட்கார்ந்தார்.

"மெஷினுக்குக் கை தெரியாது" என்றாள் மங்கை. "உங்களுக்குத்தான் தெரியிது. இனித் தொடங்குவமா?"

முதல் இரண்டு சுற்றையும் அவள் வென்றாள். இரண்டாவது சுற்றில் தோற்ற கல்லடிப் பையன், பொம்பிளையிடம் தோற்றதா, ஒரு கையிடம் தோற்றதா, எதைச் சொல்லிக் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று தெரியாமல் விழித்தான். "ரெண்டையும் சொல்லிக்க" என்றாள் மங்கை.

அரையிறுதியில் எதிரே உட்கார்ந்தவன் றிஸான். முதல் ஆட்டம் அவளுக்கு. அவள் கட்டைகளை ஓரமாக ஒதுக்கி, நீளக் கட்டை வரும்வரை ஒரு பள்ளத்தை விட்டு வைக்கிற விதத்தை அவன் அந்த ஆட்டத்திலேயே பிடித்துக்கொண்டான். இரண்டாவது ஆட்டத்தில் வேகத்தைக் கூட்டினான். மூன்றாவதில் மங்கையின் மணிக்கட்டு வியர்த்து ரப்பரில் வழுக்கியது. ஒரு கட்டை தப்பான இடத்தில் விழுந்தது. அதைச் சரிசெய்யப் போய் இன்னொன்றும் தவறியது. கிணறு நிரம்பியது.

மங்கை அவனைப் பார்த்தாள். "முதலாவத எனக்கு விட்டுத் தந்தியா?"

"இல்லக்கா. எனக்கு விளங்க நேரம் எடுத்த."

"பொய் இல்லயே?"

"அல்லாட காவலா இல்ல."

"அப்ப சரி. அடுத்த முறை பாப்பம்" என்று வலது கையை நீட்டினாள்.

இறுதி ஆட்டத்துக்கு முன் பரிசு மேடையைத் தயார் செய்தார்கள். வினாயகமூர்த்தி மைக்கைப் பிடித்து, ஒரு விசேட விருது இருப்பதாகச் சொன்னார். கண்ணாடியில் செய்த ஒரு கேடயத்தைத் துணி நீக்கிக் காட்டினார். 'தன்னம்பிக்கைச் சுடர்' என்று பொன் எழுத்தில் பொறித்திருந்தது, கீழே மங்கையற்கரசியின் முழுப் பெயர். சனம் எழுந்து நின்று கை தட்டியது. அவர் சொன்னது போலவே நடந்தது.

மங்கை மேடைக்கு ஏறிப் போனாள். கேடயத்தைத் தொடவில்லை. எழுத்தை ஒருமுறை வாசித்தாள்.

"ஐயா, இது எப்ப அடிச்ச?"

"நேத்து மகள். கடையில குடுத்து அவசரமாச் செய்விச்ச."

"நேத்து நான் ஒரு ஆட்டமும் ஆடல்லயே. ஆடாம எனக்கு என்னத்துக்கு விருது?"

வினாயகமூர்த்தி கேடயத்தைத் தாழ்த்திப் பிடித்தார். கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா, அவர் மனம் நோகும் என்று காதுக்குள் சொன்னார். மங்கை அவரைப் பார்த்து, "அவரிட மனம் நோகும் எண்டு நான் வாங்கினா, வீட்ட கொண்டுபோய் ஒவ்வொரு நாளும் அதைப் பாக்கிற நான்தானே" என்றாள். பிறகு வினாயகமூர்த்தியிடம் திரும்பினாள். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

"ஐயா, கோவிக்காதீங்க. எனக்கு இது வேணாம். மூண்டாம் இடத்துக்கு ஆட்டம் இரிக்கா?"

இல்லை. மூன்றாம் இடத்துக்குப் பரிசும் இல்லை, ஆகவே ஆட்டமும் வைக்கவில்லை.

"வைங்க. அரையிறுதியில தோத்த ரெண்டு பேரு இரிக்கம். மூண்டாவது ஆரு எண்டு தெரியாம எப்பிடி வீட்ட போற?"

தோற்ற மற்றவள் இர்ஷானா, ஏறாவூரிலிருந்து வந்த பல்கலைக்கழக மாணவி. அவள் ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இதைக் கேட்டதும் பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் விளையாடணும்" என்றாள். "பரிசு இல்லாட்டியும் பரவாயில்ல. நான் இவ்வளவு தூரம் வந்த மூண்டு சுத்துக்கா?"

பஸ்லான் வினாயகமூர்த்தியின் முகத்தைப் பார்த்தான். அவர் கேடயத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். மூடி முடித்துவிட்டுச் சரியென்று தலையை ஆட்டினார்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இறுதி ஆட்டத்தை விட அதுதான் நன்றாக இருந்தது என்கிறார்கள். மங்கை மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து ஆடினாள். இர்ஷானா உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினாள். ஆளுக்கொன்று வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் இரண்டு கிணறுகளும் வாய்க்குக் கிட்டவாக நிரம்பி வந்தன. பின் வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியில் ஏறி நின்றார்கள். மங்கை விட்டு வைத்திருந்த ஓரத்துப் பள்ளத்துக்கு நீளக் கட்டை வந்து விழுந்தது. நான்கு வரிசை ஒன்றாக அழிந்தது. அடுத்த மூச்சில் இர்ஷானாவின் கிணறு மூடிக்கொண்டது.

"மூண்டாம் இடம், மங்கையற்கரசி, நாவற்குடா" என்று ஒலிபெருக்கி சொன்னது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மங்கை முன்னால் போய் நின்றாள். கொடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. வினாயகமூர்த்தி தன் வலது கையை நீட்டினார், அவள் பிடித்துக் குலுக்கினாள். இறங்கி வந்து மெஷினைக் கழற்றினாள், பலகையைக் கக்கத்தில் வைத்தாள், பிரதீஸின் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனாள். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்ததாகப் பிரதீஸ் சொல்கிறான். அவள் மறுக்கிறாள்.

அடுத்த வருடத்துப் போட்டிக்கு முன் பஸ்லான் விதியை மாற்றி எழுதினான். தானாகத் தொடர்ந்து அடிக்கிற வேலை இல்லாத எந்தக் கொன்ட்ரோலரும் பாவிக்கலாம் என்றாயிற்று. மூன்றாம் இடத்துக்கு ஆட்டமும் சேர்ந்தது, சின்னதாக ஒரு கிண்ணமும். அந்த வருடம் மங்கை இரண்டாவது சுற்றிலேயே ஓட்டமாவடிக்காரன் ஒருவனிடம் தோற்று, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

ஆனால் பலகையின் கதை பரவிவிட்டது. பாரிசவாதம் வந்து வலப் பக்கம் விழுந்துபோன ஒருவரை அவருடைய மகள் கூட்டி வந்தாள். விரல்கள் ஒட்டிப் பிறந்த ஒரு பிள்ளையைத் தாய் கூட்டி வந்தாள். மங்கை எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எது அசையும்? எது அசையாது என்று கேட்பதில்லை. அசைவதைப் பார்த்து, அதற்கேற்றபடி பொத்தானை வைப்பாள். ஒருவருக்குக் கன்னத்தால் அழுத்துகிற மாதிரியும் செய்தாள். பாவம் என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். பேச்சு நின்றுவிடும்.

றிஸான் இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து நாவற்குடாவுக்கு வருகிறான். சில நாள் இர்ஷானாவும் வருவாள். சீதேவிப்பிள்ளை தேத்தண்ணி போட்டு வைப்பாள், இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னறையில் கட்டைகள் விழுந்துகொண்டிருக்கும். பழுதுக்கு வந்தவர்கள் காத்திருப்பார்கள், இல்லையென்றால் அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். இதுவரைக்கும் யார் கூடுதலாக வென்றது என்று கேட்டால் றிஸான் ஒரு கணக்குச் சொல்கிறான், மங்கை வேறொரு கணக்குச் சொல்கிறாள். இரண்டும் ஒத்து வருவதில்லை.